மோட்டார் வண்டியின் சுக்கான்

ஆட்டம் கண்ட சுக்கானோடு கடலில் இறங்கத் தூத்துக்குடித் தோணிக்காரர் எவரும் சம்மதிக்க மாட்டார். பாய் கிழிந்தால் நடுக்கடலில் தைத்துக் கொள்ளலாம்; பலகையில் நீர் கசிந்தால் இறைத்துக் கொட்டலாம். சுக்கான் சொற்படி கேட்காவிட்டாலோ, தோணி போய்ச் சேருகிற இடமே கரை என்று இருக்க வேண்டியதுதான். கடற்கரையில் சிறு பிள்ளைகளும் அறிந்த இந்த உண்மை, மோட்டார் வண்டியில் ஏறியவுடன் பெரியவர்களுக்கும் மறந்து போகிறது. ஸ்டீயரிங் சக்கரம் இரண்டு அங்குலம் சும்மா சுற்றிய பிறகே முன் சக்கரம் அசைகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடியில் ‘டக் டக்’ என்று ஓசை கேட்கிறது. கேட்டால், “பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்!” என்று பதில் வருகிறது.

அப்படி இருக்க வேண்டியதே இல்லை. ஐம்பது வயதான வண்டியும் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடக்கூடும். ஆட்டத்துக்குக் காரணம் வயது அல்ல. தேய்ந்துபோன ஏதோ ஒரு மூட்டு. அந்த மூட்டு எது என்று கண்டுபிடிப்பதே வைத்தியத்தில் முக்கால் பங்கு.

உப்புக் காற்றின் உபகாரம்

தூத்துக்குடியில் இந்த நோய்க்குத் துணை அதிகம். ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். காற்றில் உப்பு, சாலையில் சிந்திக் கிடப்பதும் உப்பு. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும் குணம் உண்டு. ஆகையால் மழை இல்லாத நாளிலும் வண்டியின் அடிவயிற்றில் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. மூட்டு தேய்ந்தால் மாற்றிவிடலாம். மூட்டைத் தாங்கும் இரும்புச் சட்டமே துருவேறி உளுத்திருந்தால், புதிய மூட்டை எதில் பொருத்துவது? எனவே கடற்கரை ஊரில் முதல் பரிசோதனை, சட்டத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் நல்லது. மண்பானை போல் ‘பொத்’தென்று கேட்டால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டுச் சட்டத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

வீட்டில் இருவர் போதும்

பரிசோதனைக்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். முதலில் டயர்களில் காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைவையே ஸ்டீயரிங் கோளாறு என்று எண்ணிச் செலவு செய்தவர்கள் அநேகர்.

பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவே அசைக்கட்டும். மற்றொருவர் முன்புறம் குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கவனிக்கட்டும். எந்த மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அதுவே குற்றவாளி.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துங்கள். செங்கல்லை அடுக்கி நிறுத்துவது வேண்டவே வேண்டாம். செங்கல் சொல்லிக்கொண்டு நொறுங்குவதில்லை. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றம் வீல் பேரிங்கில். மறையாவிட்டால் கிங் பின், பால் ஜாயிண்டு முதலிய மூட்டுக்களில். சக்கரத்தின் இரு பக்கங்களைப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், டை ராடு முனைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று வண்டி, மூன்று வைத்தியம்

இனி, வண்டியின் குலம் கோத்திரம் அறிய வேண்டும். உத்தரபாராவில் 2014 வரையில் தயாரான அம்பாஸிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. அதன் முன்புறத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. பழைய அம்பாஸிடர்களின் திருகுமரை மூட்டுக்கள் கிரீஸை நம்பி வாழ்பவை. கிரீஸ் வற்றினால் தேய்ந்துவிடும்.

பியட் என்று பலர் இன்றும் அழைக்கும் பிரீமியர் பத்மினியில் இருப்பது ஸ்டீயரிங் பெட்டி. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பெட்டியின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன. அந்த ஆட்டத்தை ஒழிக்கப் பெட்டியின் திருகை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால், நேரில் நன்றாக இருக்கும். வளைவில் திரும்பும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். இது நோயைவிடக் கொடிய மருந்து.

மூன்றாவது நம் சென்னைக்கு அருகிலேயே தயாராகி 1961-ல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மிகக் குறுகிய இடத்தில் திரும்பக்கூடிய கெட்டிக்கார வண்டி. ஆனால் இதில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணின் அடிமுனை, டிரனியன் என்னும் வெண்கல உறைக்குள் திருகுமரையால் பொருந்தியிருக்கிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் சரியாகப் பரவுவதில்லை. அது எட்டாத இடத்தில் தண்ணீர் புகுந்து எஃகை அரிக்கிறது. உப்பு நீரானால் கேட்கவேண்டியதில்லை. ஒரு நாள் தூண் முறிந்து சக்கரம் மடிந்துவிடும்.

அன்போடு மாதந்தோறும் கிரீஸ் அடித்தவரின் வண்டியே இப்படிக் கவிழக்கூடும் என்பதுதான் வேடிக்கையும் வேதனையும். ஹெரால்டு வைத்திருப்பவர் டிரனியனைக் கழற்றி, மரையைத் துடைத்துப் பார்க்கச் செய்யவேண்டும். குழிவிழுந்த துரு தெரிந்தால், தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பப் பூட்டுவதில் பயனில்லை; தூணையே மாற்றவேண்டும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது. இவ்வண்டியில் ஸ்டீயரிங் ராக்கைப் பிடித்திருக்கும் ரப்பர்கள் எஞ்சின் எண்ணெயில் ஊறிக் குழைந்து போவதும் உண்டு. அப்போது மூட்டெல்லாம் நன்றாயிருந்தும் வண்டி அலைபாயும். ரப்பரை மாற்றினால் போதும்.

பழுது பார்த்த பின்பு

எந்த வண்டியானாலும் இரண்டு விதிகள் பொது. கைகளிலுள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். டை ராடைத் தொட்டால் சக்கரங்களின் அலைன்மெண்டைப் பார்க்காமல் சாலையில் விடக்கூடாது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து தீரும்.

சந்தேகத்துக்குரிய மூட்டைக் கண்டுபிடிப்பது வீட்டார் வேலை. மாற்றுவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் எது தேய்ந்தது என்று தெரிந்துகொண்டு போகிறவரிடம், “எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், ஸார்!” என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் தூத்துக்குடி. நம் நாட்டில் செய்த வண்டி என்று பெருமைப்படுவோர், அதன் சுக்கானையும் தாமே அறிந்திருப்பது அந்தப் பெருமைக்குப் பொருத்தம். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென ஒதுக்குங்கள். அரை மணி நேரம் போதும்.