சூப்பர்சூம் கருவியால் நிலைப்பொருள் ஒளிப்படம் எடுத்தல்

நிலைப்பொருள் ஒளிப்படவியல் என்பது கோப்பை, பொம்மை, பழம் போன்ற அசையாத பொருட்களை ஒழுங்குபடுத்தி வைத்து, ஒளியைத் திட்டமிட்டு அமைத்துப் படம் எடுக்கும் ஒளிப்படவியல் பிரிவு ஆகும். விற்பனைப் பட்டியல்கள், அருங்காட்சியக ஆவணங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. சூப்பர்சூம் கருவி என்பது கழற்ற இயலாத ஒரே வில்லையைக் கொண்டு, அகலக் கோணத்திலிருந்து மிகு தொலைவு வரை படம் எடுக்கும் சிறிய எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். பறவைகளையும் நிலாவையும் படம் எடுக்கப் பெரிதும் அறியப்பட்ட இக்கருவி, முறையாகக் கையாளப்பட்டால் தொழில்முறை நிலைப்பொருள் படங்களுக்கும் போதுமானது. பொருள் அசைவதில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

வரலாறு

பீங்கானுக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலின் மூன்றாம் படம், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் பொருட்களைக் காட்டுகிறது. ஒருவரின் உடைமைகளைப் பட்டியலிடவும், அவை களவு போனால் சான்றாகக் காட்டவும் இத்தகைய படம் உதவக்கூடும் என அவர் கருதினார்.

விருத்தாசலம் பகுதியில் இதன் தேவை

கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் ஆகும். இங்கு பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசு நிறுவனமும் உள்ளன. அகல் விளக்குகள், பொம்மைகள், மின்காப்புப் பொருட்கள் முதலியன இங்கு செய்யப்படுகின்றன. சென்னை-திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் அமைந்த வேப்பூர் இதற்கு மேற்கே உள்ளது. வெளியூரில் இருந்து வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாது. படத்தில் காணும் நிறம், அளவு, மெருகு ஆகியவற்றை நம்பியே அவர் விலை கொடுக்கிறார். எனவே சிறு உற்பத்தியாளருக்கு அழகான படத்தைவிடப் பொய் சொல்லாத படமே முதன்மையானது.

கருவியின் இயல்புகள்

பல சூப்பர்சூம் கருவிகளில் உள்ள 1/2.3 அங்குல வகை உணரி ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் உடையது. 36 × 24 மி.மீ. முழுச்சட்ட உணரியுடன் ஒப்பிட்டால் இதன் பரப்பு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. குறைந்த ஒளியில் உணர்திறனை உயர்த்தும்போது படத்தில் இரைச்சல் தோன்றுவது இதனால்தான். ஆனால் முக்காலியில் கருவியைப் பொருத்தி, ஐ.எஸ்.ஓ. 80 அல்லது 100 அளவில், ஒரு நொடியோ அதற்கு மேலோ ஒளியைச் சேகரித்தால் இக்குறை பெருமளவு நீங்கும். பொத்தானை அழுத்துவதால் ஏற்படும் அதிர்வைத் தவிர்க்க 2 நொடித் தாமத வசதி பயன்படும். 4000 × 3000 படவணுக்கள் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 என்ற அளவில் அச்சிட்டால் 33.9 × 25.4 செ.மீ. கிடைக்கும். இது ஏ4 தாளைவிடப் பெரியது.

சிறு உணரியால் நன்மையும் உண்டு. எஃப்/4 துளையில் இக்கருவி தரும் புல ஆழம், அதே காட்சியை முழுச்சட்டக் கருவியில் எஃப்/22 துளையில் எடுப்பதற்கு நிகரானது. ஆகவே பொம்மையின் மூக்கும் முதுகும் ஒருங்கே தெளிவாக விழும். துளையை மேலும் சுருக்குவது தவறு. எஃப்/8 அளவில் விளிம்பு விளைவினால் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.011 மி.மீ. வட்டமாகப் பரவும். 16 மெகாபிக்சல் உணரியில் இது எட்டுப் படவணுக்களின் அகலம் ஆகும்.

அகல் விளக்கை அகலக் கோணத்தில் மிக அருகிலிருந்து எடுத்தால் முன்விளிம்பு பருத்துத் தோன்றும். கருவியின் நிழலும் பொருளின் மேல் விழும். ஒன்றரை மீட்டர் விலகி நின்று உருப்பெருக்கினால் வடிவம் இயல்பாக அமையும். எனினும், உருப்பெருக்கம் கூடும்போது பல கருவிகளில் மிகப்பெரிய துளையும் சுருங்குவதால் தேவைக்கு மேல் உருப்பெருக்குவது நன்றன்று.

ஒளியமைப்பு

மெருகிட்ட பீங்கான் கண்ணாடி போலவே சுற்றுப்புறத்தை எதிரொளிக்கும். கருவியின் மின்வெட்டொளி அதில் கூசும் வெண்புள்ளியாகத் தெரியும். நேரடி வெயில் விழாத சன்னலில் டிரேசிங் தாளையோ வெள்ளை வேட்டியையோ கட்டினால் ஒளி மென்மையாகப் பரவும். எதிர்ப்புறம் வைக்கும் வெள்ளை அட்டை நிழலைக் குறைக்கும். வெண்ணிறப் பின்னணியில் வைத்த வெள்ளைக் கோப்பையின் விளிம்பு கரைந்து போகாதிருக்க, சட்டத்துக்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டைகளை நிறுத்துவர்.

கருவி காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாகக் கொண்டு அளப்பதால் வெண்பீங்கான் மங்கிவிடும். ஒளியளவை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டுவது இதைச் சரிசெய்யும். சன்னல் ஒளியுடன் குழல் விளக்கைக் கலந்தால் நிறம் திரியும். சாம்பல் அட்டையைக் கொண்டு வெண்சமநிலையை அமைப்பது நல்லது.

ஒளி அளவுக்கு மீறி மென்மையானால் மெருகில் உள்ள மயிரிழைக் கீறல்களும் மேடுபள்ளங்களும் மறையும். பக்கவாட்டில் தாழ்வாக ஒளி விழும்படி மேலும் ஒரு படம் எடுத்துச் சேர்ப்பது வாங்குபவருக்கு நேர்மையான தகவலைத் தரும். அருகில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு விளங்கும்.

வரம்புகள்

மிகு வெண்மையையும் மிகு கருமையையும் ஒரே படத்தில் பதிவு செய்யும் திறன் சிறு உணரிக்குக் குறைவு. பின்னணியை மங்கலாக்குவதும் கடினம். வெளி மின்வெட்டொளியை இணைக்கும் வசதி பல சட்டைப்பை வகைக் கருவிகளில் இல்லை. சோனி ஆர்.எக்ஸ்.10 (2013), பானசோனிக் எஃப்.இசட்.1000 (2014) போன்ற ஓரங்குல வகை உணரிக் கருவிகள் இக்குறைகளை ஓரளவு நீக்கின. பெரிய விளம்பரப் பலகைகளுக்கும் நுண்ணிய நிறத்துல்லியம் வேண்டும் பணிகளுக்கும் பெரிய உணரிக் கருவிகளே ஏற்றவை.