ரயில் கம்பியில் நெளியும் அலை

இந்திய ரயில் பாதைகளுக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். நொடிக்கு 50 முறை சீராக ஏறி இறங்க வேண்டிய அலை அது. டபிள்யூஏபி-4 போன்ற பழைய இன்ஜின்கள் டையோடுகள் வழியே அதை நேர்மின்சாரமாக மாற்றும்போது அலை நெளிந்து, 150, 250 ஹெர்ட்ஸ் எனக் கிளை அலைகள் முளைக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ்.

விளைவு? டிரான்ஸ்பார்மர் வீணாகச் சூடேறும். பக்கத்துத் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் புகும்.

இவற்றைக் குறைக்க, துணைமின் நிலையத்தில் கெபாசிட்டரும் காயிலும் சேர்ந்த ஃபில்டர் வைப்பது ஒரு வழி. 150 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்துவிட்டால், அந்த அலையின் பெரும்பகுதி ஃபில்டருக்குள்ளேயே இறங்கிவிடும். கெபாசிட்டரை மட்டும் மாட்டினால், ஒத்ததிர்வால் கோளாறு பெருகவும் கூடும்.

இன்ஜினையே மாற்றுவது அடுத்த வழி. டபிள்யூஏபி-7, டபிள்யூஏஜி-9 இன்ஜின்களின் மின்னணு சுவிட்சுகள் கிட்டத்தட்ட சீரான அலையாகவே மின்சாரத்தை இழுக்கின்றன. இந்தச் சுவிட்சுகளால் ஆன கன்வெர்ட்டர்களின் சுவிட்சு நேரங்களைச் சற்றே முன்பின்னாக அமைப்பதால், ஒன்றின் நெளிவை மற்றொன்று பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது.