நாற்காலிகளின் காலம் – 9: பத்து மாதம் மட்டும் எம்.எல்.ஏ.

2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். மறுநாள் காலை அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப் ஜெயித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூருக்கு அந்த வாரம் இன்னொரு கவலையும் இருந்தது. பதினோரு நாளில் சட்டமன்றத் தேர்தல். வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதற்காக ரத்து செய்யப்பட்ட அதே தேர்தல், யார் கையிலும் செல்லும் பணம் இல்லாத நேரத்தில் திரும்பி வந்தது.

அந்த ஆண்டு மே 16 அன்று தமிழ்நாடு முழுக்க வாக்களித்தது. தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் வாக்களிக்கவில்லை. பணப் பட்டுவாடா புகார்களால் தேர்தல் ஆணையம் முதலில் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தது. பிறகு மறுபடியும் தள்ளிவைத்தது. மே 28 அன்று அறிவிக்கையையே திரும்பப் பெற்றது. பணம் கொடுத்ததற்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்தது நாட்டில் அதுதான் முதல் முறை. நவம்பரில் மறுதேர்தல் வந்தபோது அ.தி.மு.க. நிறுத்தியது அதே மா. ரங்கசாமியை, தி.மு.க. நிறுத்தியது அதே அஞ்சுகம் பூபதியை. தேர்தலை ரத்து செய்யும் அளவுக்குக் குற்றம் பெரிது என்றால், அந்த வேட்பாளர்கள் மறுபடி நிற்க எப்படி முடிந்தது? சட்டம் அதைத் தடுக்கவில்லை. தண்டனை அனுபவித்தது ஆறு மாதம் பிரதிநிதி இல்லாமல் இருந்த தொகுதி.

ரங்கசாமிக்கு இரட்டை இலை ஒதுக்கக் கோரும் படிவத்தில் கட்சிப் பொதுச்செயலாளர் கையெழுத்திட வேண்டும். ஜெயலலிதா அப்போது அப்பல்லோ மருத்துவமனையில் இருந்தார். கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை. நாள் அக்டோபர் 27. அதே நாளில்தான் நியூயார்க்கில் டிரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன், ஒரு நடிகை வாய் திறக்காமல் இருக்க 1,30,000 டாலர் அனுப்பினார். அந்தப் பணத்தைக் கணக்கில் மறைத்த குற்றத்துக்கு டிரம்பை நடுவர் குழு குற்றவாளி என்று சொன்னது 2024 மே மாதம். இங்கே, அதே சமயத்தில் அதே போன்ற கைரேகைப் படிவத்தோடு இடைத்தேர்தல் நடந்த திருப்பரங்குன்றத்தின் வெற்றி, கைரேகை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது 2019 மார்ச்சில். வென்ற ஏ.கே. போஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டார். இரண்டு நாடுகளிலும் தீர்ப்பு வந்துசேர்வதற்குள், அந்தத் தேர்தலால் ஆக வேண்டியது எல்லாம் ஆகி முடிந்திருந்தது.

டெல்டாவுக்கு அது மோசமான பருவம். ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது. குறுவை போயே போயிற்று. சம்பாவை நம்பி விதைத்தவர்களை வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. நவம்பர் 14 முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. டெல்டா விவசாயியின் பயிர்க்கடனும் உரமும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக வருபவை. களையெடுக்க வந்த பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. வங்கியில் நோட்டு மாற்றுபவர் விரலில் மை வைக்கத் தொடங்கியபோது, இடைத்தேர்தல் நடக்கும் தொகுதிகளில் அது குழப்பம் உண்டாக்கும் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்கு எழுத வேண்டியிருந்தது.

ரங்கசாமி 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டே வாரத்தில், டிசம்பர் 5 அன்று, ஜெயலலிதா காலமானார். 2017 ஜனவரி 10 அன்று முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். வி.ஏ.ஓ.க்கள் அடங்கல் பதிவேட்டோடு வயல் வயலாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்த முதல்வரே பதவி விலகினார். பன்னீர்செல்வத்தின் மெரினா தியானம், எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதி, ஜெயலலிதாவின் தோழியும் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவருமான சசிகலாவுக்கு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தண்டனை, புதிய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு 122க்கு 11 என்று வந்த நம்பிக்கை வாக்கு. இதையெல்லாம் நாடே பார்த்தது. காய்ந்த சம்பாவைப் பார்க்க எத்தனை கேமரா வந்தது?

ஆகஸ்டில், சசிகலாவின் உறவினர் தினகரனை ஆதரித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். ரங்கசாமியும் அதில் ஒருவர். ஆனால் பிப்ரவரியில் பேரவையிலேயே எடப்பாடிக்கு எதிராக வாக்களித்த பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீது நடவடிக்கை இல்லை. கடிதம் கொடுத்தவருக்குப் பதவி போயிற்று, எதிர்த்து வாக்களித்தவர் துணை முதல்வர் ஆனார். இந்த அநீதியை எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பார்ப்பது பயன் தரும். 2020 பிப்ரவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் அவர் கட்சியின் செனட்டர் மிட் ராம்னியே அவரைக் குற்றவாளி என்று வாக்களித்தார். இரண்டாவது முறை லிஸ் செனியும் இன்னும் ஒன்பது குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் எதிராக வாக்களித்தார்கள். வசவும் மிரட்டலும் வந்தன, உறுப்பினர் பதவி போகவில்லை. செனியை வீட்டுக்கு அனுப்பியது 2022இல் அவர் மாநிலத்தின் கட்சி வாக்காளர்கள். 1985இல் கட்சித் தாவலைத் தடுக்க வந்த நம் சட்டம், வாக்காளரிடம் இருக்க வேண்டிய அந்த அதிகாரத்தை ஆளுங்கட்சியிலிருந்து வந்த ஒரு பேரவைத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டது. பணத்துக்கும் பதவிக்கும் தாவுவதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கான விலையை ஒரு தொகுதி மக்கள் கொடுக்கக் கூடாது.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் என்பது விதி. 18 பேரின் தகுதிநீக்கத்தை எதிர்த்து வழக்கு இருந்ததால் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்துவைத்தது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். இதற்கிடையில்தான் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய காவிரி நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. மாவட்டத் தலைநகரின் தொகுதிக்கு இவை எதையும் பேரவையில் எழுந்து கேட்க ஒருவர் இல்லை. கலெக்டர் இருந்தார், தாசில்தார் இருந்தார் என்பார்கள். ஓட்டுக் கேட்டு மறுபடி வாசலுக்கு வர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பேரவை அமைந்த முதல் மூன்று ஆண்டுகளில் தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. இருந்தது பத்து மாதம்.

2019 ஏப்ரல் 18 அன்று தஞ்சாவூர் ஒரே நாளில் நாடாளுமன்றத்துக்கும் பேரவைக்கும் வாக்களித்தது. டிரம்ப் வென்ற தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய ராபர்ட் முல்லரின் 448 பக்க அறிக்கை வெளியானதும் அன்று இரவுதான். அதில் எத்தனையோ வரிகள் கறுப்படிக்கப்பட்டிருந்தாலும் யாரும் தரவிறக்கிப் படிக்கலாம். 2016 மே மாதம் தஞ்சாவூரில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் அப்படி ஒரு அறிக்கையாக மக்கள் முன் வைத்திருக்க வேண்டும். மே 23 அன்று தி.மு.க.வின் டி.கே.ஜி. நீலமேகம் வென்றார்.

கஜா வந்தபோது பேரவையில் காலியாக இருந்த டெல்டா இடம் இன்னொன்றும் உண்டு: கருணாநிதியின் மறைவால் காலியான திருவாரூர். 2018 டிசம்பர் 31 அன்று அங்கே இடைத்தேர்தலை அறிவித்து, நிவாரணப் பணிகளைக் காரணம் காட்டி ஆணையம் ஒரே வாரத்தில் ரத்து செய்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)