ஊர் பெருத்தால் எந்தச் செலவு பெருகும்?

நாசிக்கில் பணிபுரியும் ஒருவருக்கு மும்பைக்கு மாறுதல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதலில் எழும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு கூடும்?" என்பதே. "எங்கே குடியிருப்போம்?" என்பதோ சாமான்களைக் கட்டும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பிரியமானவர்களே, இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நலம்.

மத்திய அரசின் ஊதிய விதிகளைச் சற்றே கவனியுங்கள். விலைவாசிக்கு ஈடான அகவிலைப்படி, மாநகரமானாலும் சிற்றூரானாலும் ஒரே விகிதத்தில் வழங்கப்படுகிறது. வீட்டு வாடகைப்படியோ மக்கள்தொகைக்கேற்ப மாறுகிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்கள் முதல் வகை. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் இதில் அடங்கும். 5 லட்சத்திற்கு மேற்பட்டவை இரண்டாம் வகை, மற்றவை மூன்றாம் வகை. 2017 ஜூலையில் அடிப்படை ஊதியத்தில் 24, 16, 8 சதவீதமாக இருந்த இப்படி, 2024 ஜனவரி முதல் 30, 20, 10 சதவீதமாயிற்று.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவதில்லை என்பதே இவ்விதியின் உட்பொருள். மொத்தச் சந்தையும் கடைகளின் போட்டியும் இருப்பதால் பெருநகரில் சில பொருட்கள் மலிவாகவும் கிடைக்கும். பெருகுவது கூரையின் விலை.

அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய் என்றால், இரண்டாம் வகையைச் சேர்ந்த நாசிக்கில் வாடகைப்படி 6,000 ரூபாய். மும்பையில் 9,000 ரூபாய். இந்த 3,000 ரூபாய் அதிகத்தைக் கொண்டு, நாசிக்கில் குடியிருந்த அளவு வீட்டை மும்பை நகருக்குள் தேடிப் பாருங்கள்! மும்பையில் மூன்று புறமும் நீர், நிலம் குறைவு, வேலைக்கு அருகில் வாழ விரும்புவோரோ ஏராளம். ஆகவே குடும்பங்கள் கல்யாண், அம்பர்நாத், நாலாசோப்பாரா, விரார் என்று விலகிச் செல்கின்றன. அங்கே வாடகை குறைகிறது. மின்சார ரயிலின் சீசன் டிக்கெட்டும் மலிவே. ஆனால் கல்யாணிலிருந்து சத்ரபதி சிவாஜி நிலையம் 50 கிலோமீட்டருக்கு மேல். விரைவு வண்டியிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வாடகையில் மிச்சமானது நேரமாகச் செலவாகிறது. களைத்து வருபவர் இரவு உணவைக் கடையில் வாங்குகிறார். பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறார். ஞாயிறன்று மெகா பிளாக் என்றால், ஆராதனைக்குச் செல்லும் குடும்பம் ஆட்டோவுக்கும் பணம் எடுத்து வைக்கவேண்டும்.

இன்னொன்றையும் பலர் எண்ணுவதில்லை. முடி திருத்துபவரும், டியூஷன் ஆசிரியரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரும் அதே நகரில்தான் வாடகை கொடுத்து வாழ்கிறார்கள். அவர்கள் கேட்கும் கூலியில் அவர்களுடைய வாடகையும் அடங்கியிருக்கிறது. எனவே மூட்டையில் வருவதைவிட, மனிதர் கையால் நடக்கும் சேவைகளே பெருநகரில் அதிக விலை பெறுகின்றன.

முன்பணமும் உண்டு. பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மும்பையில் 11 மாத ஒப்பந்தம். தரகருக்கு ஒரு மாத வாடகை. வீடு மாறும்போதெல்லாம் இத்தொகை மீண்டும் வந்து நிற்கும்.

தனியார் நிறுவனத்தில் வேலை செய்வோருக்கு அரசு அட்டவணை பொருந்தாது. தாங்களே கேட்டுப் பெறவேண்டும். சம்மதம் தெரிவிக்குமுன், குடியேற எண்ணும் பகுதியிலிருந்து அலுவலகம்வரை, ஒரு வேலை நாளில், காலை எட்டு மணி வண்டியில் ஒருமுறை சென்று பாருங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.