மறுபடி வளர்ந்த கட்டி

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிட்டால், நோயாளி ஓராண்டைத் தாண்டுவதே கடினம் என்றிருந்த காலம் உண்டு. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெம்ப்ரோலிஸுமாப் என்ற மருந்து அந்த நிலையை மாற்றியது. நோயை எதிர்த்துப் போராடும் நம் டி செல்களின் மேல் பிடி-1 என்றொரு புரதம் இருக்கிறது. அது ஒரு பிரேக். புற்றுசெல் அதை அழுத்தி டி செல்லை நிறுத்திவைக்கும். மருந்து அப்படி அழுத்தவிடாமல் தடுக்கும். சிலருக்குக் கட்டிகள் கரைந்தே போயின. ஆனால் அவர்களிலும் சிலருக்கு, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நோய் திரும்பியது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் அந்தோனி ரிபாஸ் குழுவினர் அப்படிப்பட்ட நான்கு பேரை ஆராய்ந்தார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த கட்டித் திசுவையும், நோய் திரும்பியபின் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின.

ஒருவரின் கட்டியில் ஜேக்1 மரபணு பழுதாகியிருந்தது, இன்னொருவரிடம் ஜேக்2. டி செல் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். அது புற்றுசெல்லின் வளர்ச்சியை அடக்கும். செல்லுக்குள் இருக்கும் புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் கூடுதலாகக் காட்டவும் வைக்கும். ஜேக்1, ஜேக்2 இரண்டும் இருந்தால்தான் இந்தச் சமிக்ஞை உள்ளே போகும். எந்த மரபணுவுக்கும் பொதுவாக இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். இந்தச் செல்களோ நல்ல பிரதியையும் தொலைத்திருந்தன. இன்டர்ஃபெரான் எவ்வளவு சுரந்தாலும் அவற்றுக்கு உறைக்கவில்லை.

மூன்றாமவரிடம் கெட்டுப்போனது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். புரதத் துணுக்குகளைத் தாங்கிக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறு செல்லின் மேல் நிற்க இந்தச் சின்னப் புரதம் அவசியம். அது இல்லையென்றால் டி செல்லுக்கு எதிரி யாரென்றே தெரியாது. நான்காமவரிடம் இப்படித் தெளிவான காரணம் அகப்படவில்லை.

புற்றுநோய் தந்திரம் செய்கிறது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. செல்கள் பிரியும்போது பிழைகள் தற்செயலாக நேர்கின்றன. மற்ற செல்களையெல்லாம் டி செல்கள் அழித்துவிட, பிழையால் தப்பியவை மட்டும் பெருகுகின்றன. அதாவது, சிகிச்சை கடுமையாக வேலை செய்ததால்தான் இந்த வடிகட்டலே நடந்தது.

எச்எல்ஏ இழந்த செல்லுக்கும் எமன் உண்டு. இயற்கைக் கொல்லிச் செல்கள் அப்படிப்பட்டவற்றைத் தேடித் தாக்கக்கூடியவை. அவற்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த ஆய்வுகள் நடக்கின்றன. ஜேக் பழுதுக்கு வேறு வழி தேட வேண்டும். ஆகவே நோய் திரும்பினால், முடிந்தவரை புதிதாகத் திசு எடுத்துப் பார்ப்பது மிக முக்கியம். பழைய பயாப்ஸி அறிக்கை பழைய கட்டியைப் பற்றித்தான் சொல்லும்.