பொய்யர் பகடை

பொய்யர் பகடை என்பது பலர் கூடி விளையாடும் ஏல வகைப் பகடை விளையாட்டு ஆகும். ஒவ்வொருவரும் தம் பகடைகளைப் பிறர் காணாதவாறு கிண்ணத்தால் மூடி வைத்துக்கொள்வர். பின்னர், எல்லாருடைய பகடைகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு குறிப்பிட்ட முகம் எத்தனை இருக்கும் என்று முறைவைத்துக் கூறுவர். பொய் கூறிப் பிடிபட்டவரோ உண்மையைத் தவறாக மறுத்தவரோ ஒரு பகடையை இழப்பார். எல்லாப் பகடைகளையும் இழந்தவர் ஆட்டத்திலிருந்து வெளியேறுவார். இறுதியில் எஞ்சுபவரே வென்றவர் ஆவார். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்பட்ட இவ்விளையாட்டு இன்று இணையத்திலும் பரவலாக ஆடப்படுகிறது.

பெயரும் பரவலும்

தென் அமெரிக்காவில் பெரு, சிலி, பொலிவியா ஆகிய நாடுகளில் இது 'தூதோ' என்று அழைக்கப்படுகிறது. எசுப்பானிய மொழியில் இதற்கு 'நான் ஐயுறுகிறேன்' என்பது பொருள். ஒருவர் கூறியதை மறுக்கும்போது உரக்கச் சொல்லும் சொல்லே விளையாட்டின் பெயராகிவிட்டது. 'பெருடோ' என்பது இதன் வணிகப் பதிப்பு. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்த 'பிளஃப்' என்னும் மற்றொரு பதிப்பு 1993 ஆம் ஆண்டுக்கான செருமனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது.

2006 இல் வெளிவந்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' திரைப்படத் தொடரின் இரண்டாம் பாகத்தில், பேய்க் கப்பலில் என்றென்றும் அடிமையாக இருப்பதைப் பந்தயமாக வைத்து இவ்விளையாட்டை ஆடும் காட்சி உள்ளது. விதிகளை அறியாமல் அக்காட்சியைப் பார்த்தவர்கள் பலர். மீண்டும் பார்த்தால் சுவை கூடும்.

ஆட்ட விதிகள்

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 5 பகடைகள் வழங்கப்படும். அனைவரும் ஒரே நேரத்தில் உருட்டித் தம்முடையதை மட்டும் பார்த்துக்கொள்வர். முதலாமவர் ஓர் எண்ணிக்கையையும் ஒரு முகத்தையும் கூறுவார். ஏலத்திலும் சில சீட்டாட்டங்களிலும் உள்ள வழக்கையொட்டி இதனைக் கேள்வி எனலாம். இக்கட்டுரையில் எண்ணிக்கை இலக்கத்திலும் முகம் எழுத்திலும் தரப்படுகின்றன. '5 மூன்று' என்றால், எல்லாக் கிண்ணங்களின் கீழும் சேர்த்து மூன்று என்னும் முகம் குறைந்தது 5 பகடைகளில் உள்ளது என்று பொருள்.

அடுத்தவருக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, கேள்வியை உயர்த்துவது. எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது எண்ணிக்கையை அப்படியே வைத்துப் பெரிய முகத்திற்கு மாறலாம். '5 மூன்று' என்பதன் பின் '5 ஆறு', '6 இரண்டு' ஆகியவை செல்லும். '5 இரண்டு' செல்லாது. மற்றொன்று, மறுப்பது. மறுத்தவுடன் எல்லாக் கிண்ணங்களும் திறக்கப்பட்டு எண்ணப்படும். கேட்ட அளவோ அதற்கு மேலோ இருந்தால் மறுத்தவர் ஒரு பகடையை இழப்பார். குறைவாக இருந்தால் கேட்டவர் இழப்பார். இழந்தவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

பெரும்பாலான வகைகளில் ஒன்று என்னும் முகம் எந்த முகத்திற்கும் பொருந்துவதாக எண்ணப்படும். எனவே 'நான்கு' என்று கேட்டால் நான்குகளும் ஒன்றுகளும் சேர்த்தே எண்ணப்படும். ஒன்றையே தனியாகக் கேட்கவும் இடமுண்டு. அப்போது எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். '7 ஐந்து' என்பதன் பின் '4 ஒன்று' என்று கேட்கலாம். அதிலிருந்து வேறு முகத்திற்குத் திரும்புபவர் இரு மடங்குடன் ஒன்று கூட்டி, குறைந்தது 9 என்று கேட்க வேண்டும். புதியவர்களைக் குழப்பும் இவ்விதி கணக்கின்படி சரியானதே. ஒரு பகடையில் ஒன்று விழும் நிகழ்தகவு 1/6. நான்கோ ஒன்றோ விழும் நிகழ்தகவு 1/3, அதாவது அதன் இரு மடங்கு.

பெருடோ வகையில் ஒருவர் முதன்முறையாக ஒற்றைப் பகடைக்கு இறங்கும்போது தனிச் சுற்று ஒன்று நடைபெறும். அச்சுற்றில் ஒன்று பிற முகங்களுக்குப் பொருந்தாது.

நிகழ்தகவு

தம் கிண்ணத்தில் உள்ளதை ஆட்டக்காரர் உறுதியாக அறிவார். அறியாத பகடைகளில் மூன்றில் ஒரு பங்கு தாம் எண்ணும் முகமாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, நால்வர் ஆடும் ஆட்டத்தில் மொத்தம் 20 பகடைகள். ஒருவரிடம் ஒன்றையும் சேர்த்து மூன்று நான்குகள் இருந்தால், மறைந்துள்ள 15 பகடைகளில் சராசரியாக 5 சேரும். ஆகவே '8 நான்கு' அவருக்கு நியாயமான கேள்வி.

ஆனால் சராசரியை அறிந்தால் மட்டும் போதாது. அதற்கு அப்பால் நிகழ்தகவு எவ்வளவு விரைவில் சரிகிறது என்பதே முதன்மையானது. மறைந்துள்ள பகடைகள் 10 எனக் கொள்வோம். அவற்றில் குறைந்தது 3 பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. குறைந்தது 4 என்றால் 44 விழுக்காடு; குறைந்தது 5 என்றால் 21 விழுக்காடு மட்டுமே. இரண்டே படிகளில் கேள்வி, பெரும்பாலும் உண்மை என்ற நிலையிலிருந்து பெரும்பாலும் பொய் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. 70 விழுக்காட்டு நிலையில் மறுப்பவர் வெல்லும் வாய்ப்பு 30 தான். அங்கு ஒரு படி உயர்த்தினால், மறுக்கப்பட்டாலும் 44 விழுக்காடு கைகொடுக்கும். மறுக்கப்படாவிட்டால் அச்சுற்றில் உடனடி இடர் நீங்கிவிடும். 44 விழுக்காட்டு நிலையில் இது தலைகீழாகிறது. அங்கு மறுப்பதே மேல். தம் அண்டை ஆட்டக்காரர் இந்தச் சரிவின் விளிம்பில் நிற்குமாறு கேள்வியை விட்டுச் செல்வதே திறமையான ஆட்டம்.

கேள்வி தரும் செய்தி

மேற்கூறிய கணக்கு, பிறருடைய பகடைகளைப் பற்றி எதுவும் தெரியாது என்ற எடுகோளில் அமைந்தது. முதற் கேள்வி எழுந்தவுடனேயே அந்த எடுகோள் பொய்த்துவிடுகிறது. ஒருவர் தாமாக 'ஐந்து' என்று தொடங்கினால் அவரிடம் ஐந்துகள் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொருவர் அதே முகத்தை உயர்த்தினால் மேலும் கூடுகிறது. தூய கணக்கின்படி மறுக்க வேண்டிய கேள்வியும் இதனால் உண்மையாக இருக்கக்கூடும்.

அப்படியானால் எப்போதும் உண்மை கூறுவது சிறந்ததா? இருவரிடமும் ஒவ்வொரு பகடை மட்டும் எஞ்சியுள்ளது, ஒன்றுக்குத் தனிச் சலுகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் தம்மிடம் உள்ளதையே எப்போதும் கேட்டால், எதிரி அவருடைய பகடையைப் பார்த்துவிட்டதற்கு ஒப்பாகும். மாறாக, கையில் எது இருந்தாலும் '1 ஆறு' என்றே கேட்டால், ஆறு இல்லாத எதிரி எப்போதும் மறுத்து ஆறுக்கு ஐந்து முறை வெல்வார். உண்மையும் பொய்யும் ஒரு விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். எப்போது எது என்பதை எதிரி ஊகிக்க முடியாமலும் இருக்க வேண்டும். ஆட்டக் கோட்பாட்டில் இது கலப்பு உத்தி எனப்படும்.

இந்த விகிதத்தைக் கணினியால் தேட முடியும். 2007 இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறையில், கணினி தன்னுடனேயே மீண்டும் மீண்டும் ஆடி, 'இதற்குப் பதிலாக அதைச் செய்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்' என்ற வருத்தத்தைக் கூட்டிக்கொண்டே சென்று உத்தியைத் திருத்திக்கொள்கிறது. டாட் நெல்லர், இசுடீவன் ஹ்னாத் ஆகியோர் 2011 இல் இம்முறையைத் தூதோ ஆட்டத்திற்கு விரிவுபடுத்தினர். கேள்விகளின் முழு வரிசையையும் நினைவிற்கொண்டால் நிலைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போவதால், கடைசிச் சில கேள்விகளை மட்டுமே நினைவிற்கொள்ளும் குறுக்கத்தை அவர்கள் கையாண்டனர்.

பகடையை இழத்தல்

இவ்விளையாட்டில் பகடை என்பது உயிரும் ஆகும், செய்தியும் ஆகும். ஒரு பகடையை இழந்தவர் வெளியேற்றத்தை நெருங்குவதோடு, அடுத்த சுற்றில் முன்னைவிடக் குறைவாகவே அறிவார். 5 பகடை உள்ளவரும் 1 பகடை உள்ளவரும் எஞ்சியிருந்தால் முன்னவர் 6 இல் 5 ஐ அறிவார். தம்மிடம் இரண்டு நான்குகள் இருந்தால் அவர் '2 நான்கு' என்று அச்சமின்றிக் கேட்கலாம். நான்கோ ஒன்றோ இல்லாத ஒற்றைப் பகடைக்காரருக்கு அது 54 விழுக்காடு உண்மை என்றே தெரியும். முதற் சில சுற்றுகளில் பின்தங்கியவர் மீள்வது கடினமாவதற்கு நல்லூழின்மையைவிட இதுவே காரணம்.

எனினும் பலர் ஆடும்போது பின்தங்கியவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஒரு சுற்றில் பகடையை இழப்பவர் கடைசியாகக் கேட்டவரோ மறுத்தவரோ மட்டுமே. மற்ற அனைவரும் தப்புவர். ஆகவே ஆட்டத்தின் தொடக்கத்தில் சராசரிக்குக் கீழே அடக்கமாகக் கேட்டு, முறை தம்மிடம் திரும்பும் முன் சண்டை வேறிடத்தில் முடியுமாறு விடுவது நல்லது. திடீரென எண்ணிக்கையைப் பல படிகள் உயர்த்துவது கவர்ச்சியாகத் தோன்றினாலும், அது அடுத்தவரை மறுக்கும்படி அழைப்பதாகும். தம் கையில் அந்த முகம் நிறைய இருக்கும்போதே அது பயன்தரும்.

இணையவழி ஆட்டம்

2010 இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்சன்' என்னும் நிகழ்பட விளையாட்டில் இது ஒரு துணை விளையாட்டாக இடம்பெற்றது. அதே ஆண்டு வெளியான இணைப்புத் தொகுதி வழியாகப் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடவும் முடிந்தது. 2024 இல் வெளியான 'லையர்ஸ் பார்' விளையாட்டிலும் இதன் ஒரு வடிவம் உண்டு. அதில் தோற்பவர் பகடையை இழப்பதற்குப் பதிலாக நஞ்சு அருந்துவார்.

இணையத்தில் செல்லாத கேள்வியை நிரலே தடுத்துவிடும். எண்ணுவதில் பிழை நேராது. முகபாவனை தெரியாத இடத்தில் கேட்க எடுத்துக்கொள்ளும் நேரமே குறிப்பாகிறது. உடனடியாக உயர்த்துபவர் அதே முகத்தை வைத்திருப்பதாகவும், கடைசி நொடிவரை தயங்குபவர் பொய்க்கு அணியமாவதாகவும் பிறர் ஊகிப்பர். தேர்ந்தவர்கள் இதனாலேயே எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்வர். நிரலால் தடுக்க முடியாதது கூட்டுச் சதி ஆகும். நால்வரில் இருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டு ஆடினால், தொடக்கத்திலேயே அவர்கள் 20 பகடைகளில் 10 ஐ அறிவர். மற்ற இருவரும் அறிவது ஐந்தைந்தே. அறிமுகமற்றவர்களைத் தற்போக்காக ஒரே மேசையில் சேர்ப்பது இதனைக் குறைக்கும். நண்பர்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் அதுவும் பயன்படாமல் போகலாம்.