புவிசார் குறியீடு: பண்ருட்டி முந்திரிப் பெயரால் விவசாயிக்கு என்ன லாபம்?

பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டி பலாவுக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயலில் தோப்புகளை இழந்து, மீண்டும் கன்று நட்டு வளர்த்த கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் குறியீடு கிடைத்ததாலேயே கொட்டையின் விலை ஏறிவிடாது.

காரணம் என்ன? பண்ருட்டி வட்டார ஆலைகளில் உள்ளூர்க் கொட்டை மட்டும் உடைபடுவதில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையும் உடைபடுகிறது. இரண்டும் ஒரே பெயரில் விற்றால், பெயரின் பலன் தோப்பு வைத்திருப்பவருக்கு வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1999-ல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவகம் சென்னை கிண்டியில் இயங்குகிறது. குறியீட்டைத் தனி ஒருவர் சொந்தம் கொண்டாடவோ விற்கவோ முடியாது. விண்ணப்பித்த அமைப்பு உரிமையாளராக இருக்கும். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனி உரிமை, ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிவு செய்த உற்பத்தியாளருக்கே உண்டு. போலியாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* உங்கள் ஊர் குறியீட்டு எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். விருத்தாசலம், மங்களூர் பகுதி விவசாயிகள் ‘நாமும் கடலூர் மாவட்டம்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. பதிவு ஆவணத்தில் உள்ள வரைபடமே எல்லையை முடிவு செய்யும்.

* எல்லைக்குள் இருந்தால் பயனாளராகப் பதிவு செய்யுங்கள். 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவு அதிகபட்சம் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

* கொட்டையை நன்கு காயவைத்து, வெளியூர்க் கொட்டையுடன் கலக்காமல் தனியே மூட்டை பிடியுங்கள். எடை, தேதி, விற்ற இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உள்ளூர்க் கொட்டை என்பதற்கு அதுவே சான்று.

* தனியாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்ந்து உடைத்து, குறியீட்டு முத்திரையுடன் பருப்பாக விற்கும்போதுதான் கூடுதல் விலை கேட்க முடியும்.

எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் பண்ருட்டிப் பெயரைப் போட்டு விற்க வேண்டாம்; அது சட்டப்படி குற்றம். மற்றபடி, உங்கள் முந்திரியை உங்கள் ஊர்ப் பெயரிலேயே விற்க எந்தத் தடையும் இல்லை.